எங்கள் தெருக் கிணற்றில் ஏறிய கடல்

1

கன்னியப்பனின் தண்ணீர்த் தொழிலை மூட வைத்தவன் நான்.

அவனுடைய ஆர்.ஓ. பிளான்ட்டின் கழிவுநீரால்தான் எங்கள் தெருக் கிணறு உப்பாகிவிட்டது என்று ஊர் நம்பியது. அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், கூடிய ஊருக்கு முன்னால் தொலைபேசியில் ஸ்பீக்கர் போட்டு என்னைக் கேட்டபோது, "ஆர்.ஓ. கழிவாக இருக்கலாம்" என்று சொன்னேன். கிணற்றைக் கெடுத்தது நான் போடச் சொன்ன போர்வெல்.

சொல்லிவிட்டேன். இனி பதற்றமில்லாமல் எழுதலாம்.

கனடா வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் பனியைப் பற்றியும், பனிக்குப் பயந்து கிழவர்கள் எல்லோரும் காலையில் கடைவளாகத்துக்குள்ளேயே வட்டமடித்து நடப்பதைப் பற்றியும் எழுதி அனுப்பியிருக்கிறேன். பல்பொருள் அங்காடியில் பை கட்டித் தந்த பெண்ணிடம் என்னை மறந்து "போதும்மா" என்று சொன்னதையும், அவள் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு சிரித்ததையும் எழுதினேன். எழுதாமல் விட்டது இது ஒன்றுதான்.

2

போன சித்திரையில் ஒருநாள் கால்கரியில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்திய வம்சாவளி அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பிறந்த ஊருக்கான கட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர் அடங்கவில்லை. கணினி 'ஸ்ரீபெரும்பு'வோடு நிறுத்திக்கொண்டது.

"மீதி ஊர் எங்கே போயிற்று?" என்று சிரித்தபடி கேட்டாள் மேசைக்குப் பின்னாலிருந்த பெண்.

"கம்பெனிகளுக்குப் போய்விட்டது" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நான் தனியாகச் சிரித்துக்கொண்டேன். புலம்பெயர்ந்தவனின் நகைச்சுவைக்குக் கூட்டாளி கிடைப்பதில்லை.

எனக்குப் பின்னால், தலைகீழாகக் கவிழ்த்த தண்ணீர் கேன் ஒன்று இருந்தது. யாரோ தண்ணீர் பிடித்தார்கள். உள்ளே ஒரு பெரிய குமிழி 'களுக்' என்று மேலேறியது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் கன்னியப்பன், "தண்ணி ஏப்பம் வுடுது பாரு" என்பான். பத்துப் பன்னிரண்டு வருடங்களாக எந்த இடத்தில் அந்தச் சத்தம் கேட்டாலும் நான் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அன்று கையில் டோக்கன். எழுந்தால் முறை போய்விடும். உட்கார்ந்து கேட்டேன். அதற்குப் பிறகும் நாலைந்து பேர் தண்ணீர் பிடித்தார்கள்.

இரவு உணவின்போது மகள் நித்யாவிடம் சொல்லிவிட்டேன். மனைவி போனபிறகு அவளோடுதான் இருக்கிறேன். நித்யா இங்கே பிறந்தவள். பனிக்கட்டி மேல் நடப்பவர்களைப்போல, ஒவ்வொரு சொல்லாக அழுத்திப் பார்த்துத்தான் தமிழில் கால் வைப்பாள்.

"அப்பா, ஏன் இவ்ளோ நாள் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல."

"கேக்கணுமா?"

மறுநாள் டிக்கெட் போட்டேன்.

3

என் தொழிலைச் சொன்னால்தான் என் தவறு புரியும்.

பூமிக்கடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கிக் கிடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பஞ்சில் தண்ணீர் ஊறுவதுபோல, பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கிறது. அது தனியாகவும் கிடப்பதில்லை. கூடவே தண்ணீர் இருக்கும். பழைய கிணறுகளில் எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகமாக மேலே வரும். அந்தத் தண்ணீரைப் படிப்பதுதான் என் வேலை.

இன்று கோதுமை விளையும், பனி பெய்யும் கால்கரிச் சமவெளிக்கு வெகு ஆழத்தில் ஒரு பவளப்பாறை புதைந்திருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே வெதுவெதுப்பான கடல் இருந்தது. மண் மூடியபோது கடல்நீரும் பாறையோடு உள்ளே மாட்டிக்கொண்டது. அது சும்மா கிடக்கவில்லை. நுண்ணுயிர்கள் அதிலிருந்த சல்பேட்டைத் தின்றன. அது பாறைக்கு மெக்னீசியத்தைக் கொடுத்துவிட்டுக் கால்சியத்தை வாங்கிக்கொண்டது. புரோமின், அயோடின், ஸ்ட்ரான்சியம், லித்தியம் என்று வழியில் கண்டதையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டது. இப்போது அது கடலைவிடப் பலமடங்கு உப்பு.

ஒரே தெருவில் பத்து வீட்டில் ரசம் வைத்தாலும், வாயில் ஊற்றியதும் இது இன்னார் வீட்டு ரசம் என்று சொல்லிவிடலாம் இல்லையா? அப்படித்தான் ஒவ்வொரு பாறை அடுக்கின் தண்ணீருக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. எண்ணெய்க் கிணற்றில் வரக்கூடாத தண்ணீர் வந்தால், அது எந்த வீட்டு ரசம், எந்த ஓட்டை வழியாக வந்தது என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இந்தத் தொழிலின் முதல் விதி, ஓர் அடுக்கின் தண்ணீரை இன்னோர் அடுக்கின் தண்ணீரோடு கலக்க விடக்கூடாது என்பது. கண்ணாடிபோல் தெளிந்த இரண்டு தண்ணீர், ஒன்றில் பேரியம், மற்றொன்றில் சல்பேட். சேர்ந்தால் குழாய்க்குள் கல்லாக உறைந்துவிடும். அதனால் துளை போட்டால் இரும்புக் குழாய் இறக்கி, குழாயைச் சுற்றிலும் சிமெண்ட் செலுத்தி, அடுக்குகளைப் பிரித்து வைப்போம். இளம் பொறியாளர்களுக்கு முதல் வகுப்பிலேயே நான் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். கொஞ்சம் மிரட்டலாகவே சொல்வேன்.

4

எங்கள் தெரு பிள்ளைப்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது. சுற்றிலும் கம்பெனிகள் வந்தபிறகு என் தம்பி தயாளன் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி, வேலைக்கு வரும் பையன்களுக்கு வாடகைக்கு விட்டான். அத்தனை பேருக்கும் தெருக் கிணறு போதாது. நான் விடுமுறையில் வந்திருந்தேன். போர்வெல் போட முடிவானது.

அந்த முறை ஊர் என்னை வரவேற்றவிதம் இன்றைக்கும் சிரிப்பை வரவழைக்கும். தெருமுனையில் பேனர். 'எண்ணெய் விஞ்ஞானியே வருக.' அதில் என் முகம். பக்கத்தில், அச்சகத்துக்காரர் தம் அறிவுக்கு எட்டியபடி ஒரு கடலை எண்ணெய் டின் படத்தைப் போட்டிருந்தார்.

கன்னியப்பன்தான் முதலில் பார்த்துவிட்டு வந்தான். அவனும் நானும் ஸ்ரீபெரும்புதூர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

"டேய் ஏகா, ஒரு லிட்டர் எவ்ளோடா? வடை சுடணும்."

எதிர் வீட்டில் அவன் ஆர்.ஓ. பிளான்ட் வைத்து, ஹாஸ்டல்களுக்கும் அறைகளுக்கும் கேன் தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தான். அந்த பிளான்ட்டுக்கு எந்த சவ்வு வாங்குவது, எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

துளை போடும் வண்டி வந்தது. மேலே மணலில் ஓரளவு தண்ணீர் வந்துவிட்டது. "இன்னும் போகட்டும்" என்றேன். எங்கள் மண்ணுக்குக் கீழே சாம்பல்நிறக் களிப்பாறை உண்டு. கிணறு வெட்டும்போது உடைத்தால் சில துண்டுகளில் இலையும் சிப்பியும் அச்சாகத் தெரியும். கடல் வந்துபோன இடம். எனக்கு இது தெரியாததல்ல. களிக்குக் கீழே மணற்பாறை இருக்கும், நிறையத் தண்ணீர் கிடைக்கும் என்ற எண்ணம் மற்றதையெல்லாம் மறைத்தது.

"சார், களி தாண்டியாச்சி. பைப்பு முழுசா எறக்கிடலாமா, மேலாப்ல போதுமா?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

முழுதும் இறக்கக் குழாய் போதாது. காஞ்சிபுரத்திலிருந்து மறுநாள் லாரி வரவேண்டும். மறுநாள் எனக்கு விமானம். என் கண்முன்னால் தண்ணீர் பீய்ச்சியடிக்க வேண்டும், ஊர் பார்க்க வேண்டும்.

"மேலோடு போதும்" என்றேன்.

தண்ணீர் வந்தது. அழுகிய முட்டை வாடையோடு, கரிக்கும் உப்பாக வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கலைந்தார்கள். தயாளனின் முகம் சுருங்கியது. "மூடிவிடு, வேறு இடத்தில் போடலாம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போனேன். அவன் துளையின் மேல் சாக்கை அடைத்துக் கல் பலகையைப் போட்டான்.

வாயைத்தான் மூடினோம், தொண்டையை அல்ல. அழுத்தத்தில் கிடந்த ஆழத்துத் தண்ணீர் அந்தத் துளை வழியே மெல்ல மேலேறி, மேல்மணலுக்குள் புகுந்து, கிணற்றை நோக்கி நகர்ந்தது. ஊர் ஊராகப் போய் நான் எந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தேனோ, அதே ஓட்டையைச் சொந்த வீட்டில் திறந்து வைத்துவிட்டு விமானம் ஏறினேன்.

5

அடுத்த வருடம் கிணற்றுத் தண்ணீர் உவர்த்துவிட்டது. பருப்பு வேகவில்லை, டீ திரிந்தது. கன்னியப்பனின் பிளான்ட்டிலிருந்து உப்புக் கழிவு வாய்க்காலில் ஓடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சந்தேகம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

தயாளன் யாரிடமோ ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தனுப்பினான். என் ஆய்வகத்தில் பார்த்தேன். ஆர்.ஓ. கழிவு என்பது அதே மேல்தண்ணீர் கெட்டியானது, அவ்வளவுதான். ரசத்தை எவ்வளவு சுண்டக் காய்ச்சினாலும் புளிக்கும் மிளகாய்க்கும் உள்ள விகிதம் மாறாது. இதில் விகிதம் மாறியிருந்தது. புரோமினும் அயோடினும் லித்தியமும் தூக்கலாக இருந்தன. இது வேறு வீட்டு ரசம். ஆழத்து வீடு. என் போர்வெல்.

அன்று மாலை ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கூட்டம். தயாளன் போனில் கேட்டான்: "அண்ணே, எல்லாரும் கேட்டுகினு கீறாங்க. எதனாலண்ணே இப்டி ஆச்சி?"

பேனரில் இருந்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. "ஆர்.ஓ. கழிவாக இருக்கலாம்" என்றேன். எங்கள் தொழிலில் எதையும் அறுதியிட்டுச் சொல்லமாட்டோம், 'இருக்கலாம்' என்றுதான் சொல்வோம். அந்தப் பழக்கத்துக்குள் அன்று ஒளிந்துகொண்டேன்.

மறுநாளே ஓர் ஆட்டோவில் மைக் கட்டி, கன்னியப்பன் தண்ணீரை வாங்காதீர்கள் என்று பிள்ளைப்பாக்கம் முதல் பென்னலூர் வரை சொல்லிக்கொண்டு போனார்கள். பிளான்ட் மூடியது. அவனுக்கு 'உப்புக் கன்னி' என்று பெயர் வைத்தார்கள். அவன் தொட்டிக்குக் கீழே நின்று சொன்னதைத் தயாளன் பிறகு என்னிடம் சொன்னான்: "என் மேல தப்பில்லன்னு தெரியற வரிக்கும் இந்தத் தெருவுல எவன் வூட்லயும் கை நனைக்க மாட்டேன்."

எங்கள் பக்கம் கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. உறவு இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அதற்குப் பிறகு தெருவில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் அவன் வாசல்வரை வந்து, மொய் எழுதிவிட்டுத் திரும்பிவிடுவான். அவன் மனைவி மல்லிகா மட்டும் பந்தியில் உட்காருவாள். "அவருதான் சபதம் போட்டாரு. எனக்கு வடை பாயசத்தோட சண்ட ஒண்ணும் இல்ல" என்பாளாம்.

6

ஆனி மாதம் வந்து இறங்கினேன். தெருவில் குறுக்கே நின்ற பசுவிடம் "சாரி" என்று சொல்லி ஒதுங்கியதைப் பார்த்து டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கன்னியப்பன் இப்போது வல்லம் வடகால் பக்கம், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் கேட் காவலாளி. நீலச் சட்டை, தொப்பி, கழுத்தில் விசில். என்னைப் பார்த்தான்.

"யாரப் பாக்கணும்?"

"கன்னியப்பா, நான் ஏகாம்பரம்."

"தெரியுது. கண்ணு நல்லாத்தான் கீது. ஆம்பளைங்க உள்ள வரக் கூடாது, ரூல்ஸ்."

"உன்னைத்தான் பார்க்க வந்தேன்."

"நான் ட்யூட்டில கீறேன்."

கேட்டுக்கு வெளியே நின்றே சொன்னேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன். பாதியில் கம்பெனி பஸ் வந்துவிட்டது. அவன் விசில் ஊதி, "வரட்டும்... வரட்டும்... ஹோல்டான்!" என்று பஸ்ஸைப் பின்னால் எடுக்கவைத்துவிட்டுத் திரும்பி, "நீ சொல்லு, பாட்டில்ல தண்ணி வந்திச்சி, ஆங்?" என்றான். பெண்கள் கும்பலாக ஏறினார்கள். என் வாழ்நாள் குற்றத்தை ஷிப்ட் பஸ்ஸுக்கு நடுவே தவணையில் சொல்லி முடித்தேன்.

"அப்ப, போன்ல சொன்னப்பவே ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவன் தொப்பியைக் கழற்றினான். "இன்னா ஜென்மம்டா நீ" என்றான். சத்தமே இல்லாமல் சொன்னான். பிறகு தன் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் அங்கேயே நின்றேன். ஷிப்ட் முடிந்து வந்த ஒரு பெண் தன் தோழியிடம், "ஏட்டி, இங்க பாரு, இந்தத் தாத்தா அழுதாவ. யாரோட அப்பான்னு கேளு" என்றாள்.

கதவு திறந்தது. "ஒங்க யாரோட அப்பனும் இல்ல. போங்க, போய்ச் சாப்புடுங்க" என்று அவர்களை அனுப்பிவிட்டு என்னிடம் வந்தான்.

"ஏகா, நீ எனக்கு மட்டும் சொன்னா அது நம்ம ரெண்டு பேரு விசயம். என்னிய அசிங்கப்படுத்துனது மைக்ல. நீயும் மைக்ல சொல்லு. ஆட்டோல. அதே தெருவுங்க. ரெக்கார்டிங்லாம் கூடாது, நீயே பேசணும்."

"பேசுகிறேன்."

"அதுக்கு முன்ன அந்த ஓட்டைய அடை."

"அடைத்துவிடுகிறேன். அப்புறமாவது எங்கள் வீட்டில் வந்து ஒரு வாய்..."

"தோடா! அத்த அப்பறம் பாக்கலாம். பேசுனா கெணறு இனிச்சிடுமா? மொதல்ல தண்ணிய நல்லாக்கு."

7

தயாளனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவனைச் சம்மதிக்க வைப்பது எளிதாக இல்லை.

"இத்தினி வருசம் கழிச்சி எதுக்குண்ணே? ஊரே மறந்துடுச்சி."

"கன்னியப்பன் மறக்கலியே."

"நாலு பசங்க வாடகைக்கு கீறானுங்க. என் பேரு கெட்டா எவன் வருவான்?"

"உன் பேர் வராது. ஆழமாப் போடச் சொன்னதும் நான், பொய் சொன்னதும் நான். நீ நான் சொன்னபடி கல்லைப் போட்டு மூடினவன், அவ்வளவுதான்."

அவன் தானே போய்க் கடப்பாரையை எடுத்து வந்து கல் பலகையை நெம்பினான்.

எண்ணெய்க் கிணற்றை நிரந்தரமாக மூடும் முறையிலேயே செய்தோம். மெல்லிய குழாயை அடிவரை இறக்கி, சிமெண்ட் குழம்பை அடியிலிருந்து மேலே நிரப்பிக்கொண்டே வரவேண்டும். மேலிருந்து கொட்டினால் நடுவில் பொந்து விழும். சிமெண்ட் ஏற ஏற, உள்ளே கிடந்த உப்புத் தண்ணீர் துளையின் வாய் வழியே வழிந்தது. அதே அழுகிய முட்டை வாடை. அதைப் பீப்பாய்களில் பிடித்து அப்புறப்படுத்தினோம். வாடகைப் பையன்கள் கைக்குட்டை கட்டிக்கொண்டு செல்பி எடுத்தார்கள்.

கன்னியப்பன் ட்யூட்டி முடிந்து சீருடையோடே வந்தான். வளாகத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. தெருவில் நின்றபடியே, "மெதுவா, மெதுவா... ஹோல்டான்!" என்று மேற்பார்வை பார்த்தான். விசிலும் ஊதினான்.

நான் மதிலுக்கு இந்தப் பக்கம் போய் நின்று பேச்சுக் கொடுத்தேன். கால்கரியில் இத்தனை நாளும் வேண்டாமென்று திருப்பிக் கீழேயே அனுப்பிய ஆழத்து உப்புநீரிலிருந்து, இப்போது லித்தியம் பிரித்தெடுக்க முயல்கிறார்கள், பேட்டரிக்கு அதுதான் உயிர் என்று சொன்னேன்.

"எங்க ஹாஸ்டல் பொண்ணுங்க நாள் பூரா லைன்ல நின்னு பேட்டரிதான் மாட்டுதுங்க. அதுல கீறது ஒங்கூர் உப்புத் தண்ணியா?"

"இருக்கலா..." என்று தொடங்கினேன். அவன் பார்த்த பார்வையில் நாக்கு நின்றுவிட்டது. "எனக்குத் தெரியாது" என்றேன்.

"ஆங். அப்டிச் சொல்லிப் பயகு."

8

ஆட்டோ, காய்கறி விற்கும் ஆட்டோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் வியாபாரம் முடிந்தபிறகு கிடைத்தது. கன்னியப்பன் மாப்பிள்ளைபோல வெள்ளை வேட்டி சட்டையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினேன். 'நிலத்தடி நீரின் வேதியியல் மாற்றங்கள் குறித்து' என்று தொடங்கியிருந்தேன்.

"நீராம், நீரு. இத்த எவன் கேப்பான்? கெணத்தக் கெடுத்தது நானு, பொய் சொன்னதும் நானு. இத்தச் சொல்லு, போதும்."

மைக்கை எடுத்தேன். டிரைவர் பழைய பதிவை நிறுத்த மறந்திருந்தார். "தக்காளி, வெங்காயம், கத்திரிக்கா..." என்று ஒலிபெருக்கி முழங்கி ஓய்ந்தபின் என் குரல் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஏகாம்பரம். கன்னியப்பன் வாட்டரால் நம் கிணறு கெடவில்லை. நான் போடச் சொன்ன போர்வெல்லால் கெட்டது. எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் பொய் சொன்னேன். கன்னியப்பனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

பிள்ளைப்பாக்கத்தில் ஒருவர், "இன்னா கட்சி தாத்தா?" என்றார். வல்லம் வடகாலில் ஹாஸ்டல் பெண்கள் மாடியில் வரிசையாக நின்று கைதட்டினார்கள். "செக்யூரிட்டி தாத்தா, மாப்ள மாதிரி இருக்கிய!" என்று ஒருத்தி கத்த, கன்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்கப்பட்டான். பென்னலூரில் லுங்கியோடு ஓடிவந்த ஒரு தெற்கத்திப் பையன் ஆட்டோவுக்குள் தலையை நீட்டினான்.

"அண்ணாச்சி, பல்லாரி கிலோ என்ன வெல?"

"பல்லாரி இல்லப்பா, மன்னிப்பு" என்றான் கன்னியப்பன். "இன்னிக்கி ஃப்ரீ."

அதற்குள் எனக்குக் கூச்சம் போய்விட்டது. ஒவ்வொரு தெருவிலும் இரண்டு வாக்கியம் கூடிக்கொண்டே போனது. நாங்கள் ஒரே பெஞ்சில் படித்ததைச் சொன்னேன், எண்ணெய் டின் பேனரைச் சொன்னேன், ஜனங்கள் சிரித்தார்கள். கன்னியப்பன் என் தொடையில் தட்டினான்: "தோடா! போதும்டா. எலக்சன்ல நிக்கறவன் மாரி பேசிகினே போற."

கடைசியாக எங்கள் தெரு. ஆட்டோ நின்றது. யாரும் சிரிக்கவில்லை. அன்று மைக்கில் அறிவித்தவனின் தாய் குப்பம்மா, கோலப்பொடிக் கையோடு வந்தார்.

"கத்தனது எம்புள்ள. நம்பனது நாங்கல்லாம். நீ ஒண்டி எத்தினிவாட்டி கேப்ப? அந்த மைக்க இங்க குடு."

வாங்கி, வாயோடு ஒட்டவைத்துக்கொண்டு, "கன்னியப்பா, எங்கள மன்னிச்சிடுப்பா" என்றார். ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. பின்னாலேயே இன்னொருவர் வந்தார். பிறகு இன்னொருவர். மன்னிப்புக் கேட்க வரிசை நின்றது. கன்னியப்பன் ஒவ்வொருவருக்கும், "செரி, செரி, ஆச்சி, போ" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. வரிசை முடியும் முன்னே ஆட்டோவின் பேட்டரி தீர்ந்து மைக் அடங்கிவிட்டது.

"லித்தியமா இருந்தா தாங்கியிருக்கும்" என்றான் என்னிடம்.

ஸ்கூட்டியில் ஆட்டோவின் பின்னாலேயே வந்த ஹாஸ்டல் பெண் ஒருத்தி எடுத்த வீடியோ எப்படியோ நித்யாவரை போய்விட்டது. போன் செய்தாள். "அப்பா, நீங்க இவ்ளோ சத்தமா பேசி நான் கேட்டதே இல்ல" என்றாள். அப்புறம், "பல்லாரின்னா என்ன?" என்றாள். தெற்கத்திப் பேச்சில் பெரிய வெங்காயம் என்று சொன்னேன். "தோடான்னா?" அதையும் சொன்னேன். தமிழ்ச் சொற்களுக்கு அவள் என்னிடம் அடுத்தடுத்து அர்த்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. இப்போது எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் தோடாதான்.

9

டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். மழை வரவேண்டும். ஓட்டையை அடைத்தாலும், ஏற்கெனவே ஏறிய உப்பை மழைதான் கழுவ வேண்டும்.

தினமும் காலையில் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, ஒரு வாய் வைத்துத் துப்புவேன். கன்னியப்பன் ட்யூட்டிக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்துவான்.

"இன்னா, ரிசல்ட்டு?"

"உப்பு இருக்கு."

"இருக்கட்டும்." மிதித்துக்கொண்டு போய்விடுவான்.

ஐப்பசியில் பிடித்த மழை விடவில்லை. கிணறு விளிம்புக்குக் கிட்டத்தில் வந்தது. கார்த்திகையில் ஒருநாள் மல்லிகா குடத்தோடு வந்து என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"ஒங்க நாக்கு, மெசினுலாம் வாணாம். பருப்பு சொல்லும்."

குடத்தை அவள் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேரே தயாளன் வீட்டு அடுப்படிக்குப் போனாள். "எங்கூட்ல ஆக்கனா அவரு எப்பவும் துன்றதுதான். இங்கதான் ஆக்கணும்" என்று சொல்லிவிட்டு, தயாளன் மனைவி எடுத்த குக்கரையும் வாங்கி ஓரமாக வைத்தாள். "குக்கர்ல வச்சா கல்லு கூடத்தான் வேவும்."

திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு கொதித்தது. எத்தனையோ கிணறுகளின் முடிவுகளுக்காகக் காத்திருந்திருக்கிறேன், அப்படிக் காத்திருந்ததில்லை. கன்னியப்பன் கல்யாண வீடுகளில் நிற்பதுபோலவே வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே பார்க்காமல் தெருவைப் பார்த்து நின்றான்.

மல்லிகா கரண்டியில் இரண்டு பருப்பை எடுத்து, ஊதி, விரலால் நசுக்கினாள். இன்னொரு தடவை நசுக்கினாள்.

"யோவ்" என்றாள் வாசலைப் பார்த்து. "மசிஞ்சிடுச்சி. வா."

கன்னியப்பன் செருப்பைக் கழற்றினான். தெருக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். தயாளன் இலை போட்டான். சோறும் பருப்பும் விழுந்தன. அவன் கையைத் தண்ணீரில் நனைத்து, பிசைந்து, முதல் கவளத்தை வாயில் போட்டு மெதுவாக மென்றான். நாங்கள் எல்லோரும் அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விழுங்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"உப்பு பத்தல."

முதலில் மல்லிகாதான் சிரித்தாள். நான் எழுந்துபோய் உப்புச் சாடியை எடுத்துவந்து, அவன் இலை ஓரத்தில் கொஞ்சம் வைத்தேன்.

"கஞ்சம் புடிக்காத. வைய்யி" என்றான் கன்னியப்பன்.